நூற்றெட்டில் எந்தக் கட்டம்?

கால்நடை மருத்துவம் படித்து முடித்து, நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலைக்கு உத்தரவு வந்தபோது எங்கள் வீட்டில் யாருக்கும் மனம் நிறையவில்லை. மாட்டாஸ்பத்திரியில் போட்டிருந்தால் ஊரே கொண்டாடியிருக்கும். நாங்கள் தமிழ்ச் சமணர்கள். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே, மேல்சித்தாமூர் மடத்தை ஒட்டிய ஊர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கும் வீடு. கிழங்கு ஏறாத அடுப்பு. பெரியப்பா அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டார்: "அங்க நோயைப் போக்கறதா, வளக்கறதா?"

"ரெண்டும்தான் பெரியப்பா. வளத்துப் பாக்கணும், என்னா நோயுன்னு தெரிஞ்சதும் கொன்னுடணும்."

"கொல்றதுக்கா சம்பளம்?"

பணிக்காலம் முழுக்க இந்தக் கேள்வி என் கூடவே வந்தது. ஓய்வு பெற்றுத் திண்டிவனத்தில் குடியிருக்கும் இப்போது, விழுப்புரத்தில் எப்போதாவது பயிற்சி வகுப்பு எடுக்கக் கூப்பிடுகிறார்கள். நான் சமணன் என்று தெரிந்த பிள்ளைகள் டீ இடைவேளையில் சிரித்துக்கொண்டே அதையே வேறு விதமாகக் கேட்பார்கள்: "சார், ஆட்டோகிளேவ் போடறது பாவம் இல்லையா?"

கிருமியெல்லாம் ஓர் உயிரா என்று தட்டிவிடலாம். சமணனுக்கு அந்த வழி அடைத்திருக்கிறது. மண்ணிலும் நீரிலும் கண்ணுக்குத் தெரியாமல் கோடானுகோடி ஓரறிவு உயிர்கள் உண்டு, நிகோதம் என்ற வகை நாம் ஒரு மூச்சு விடுவதற்குள் பதினெட்டு முறை பிறந்து சாகும் என்று படித்து வளர்ந்தவன் நான். உடனே "பாக்டீரியாவை எங்கள் ஆசாரியர்கள் அப்போதே கண்டுவிட்டார்கள்" என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. நுண்ணோக்கி இல்லாமல் கிருமியைக் கண்டோம் என்று சொல்வது அவர்களுக்குப் பெருமையும் இல்லை. அவர்கள் செய்தது வேறு. கண்ணுக்குத் தெரியாததையும் கணக்கில் வைத்து நட, எடு, வை, கொட்டு என்று ஓர் ஒழுக்கம் வகுத்தார்கள்.

துறவிக்குச் சொன்ன ஐந்து சமிதிகளை ஆய்வகத்துக்குள் நின்றுகொண்டு படித்துப் பார்க்க வேண்டும். பார்த்து நடப்பது, அளந்து பேசுவது, ஆராய்ந்து உண்பது என்று மூன்று. நான்காவது, ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் கவனமாயிருப்பது. ஐந்தாவது, கழிவை உயிர்களுக்குக் கேடில்லாத இடம் பார்த்து விடுவது. பிப்பெட்டையும் பெட்ரி டிஷ்ஷையும் கையாளும் எவனுக்கும் இந்தக் கடைசி இரண்டும் போதும். ஆய்வகங்களில் பெரிய வெடிப்பு, தீ என்று நடப்பது அபூர்வம். மூடியைத் திறந்து மேசைமேல் எங்கே வைத்தோம், சூடு ஆறாத லூப்பைத் தட்டில் வைத்துச் சொய்யென்று தெறிக்கவிட்டோமா, சிரிஞ்ச் ஊசிக்கு மறுபடி மூடி மாட்டப் போய் விரலில் குத்திக்கொண்டோமா, இவைதான். பழைய நாளில் பிப்பெட்டை வாயால் உறிஞ்சுவார்கள், மேல்முனையில் பஞ்சு அடைத்திருக்கிறது என்ற தைரியத்தில். நல்லவேளை, அந்தப் பழக்கம் ஒழிந்தது.

இம்சை என்பதற்குத் தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாதி தரும் இலக்கணத்திலேயே கவனமின்மை உட்கார்ந்திருக்கிறது. பார்த்துப் பார்த்து அடிவைக்கும் துறவியின் காலடியில் தவறி ஓர் எறும்பு செத்தால் அவருக்கு அந்தப் பாவம் இல்லை. பார்க்காமல் நடக்கிறவன் காலில் எதுவுமே சாகாவிட்டாலும் அவன் இம்சை செய்தவன்தான். உயிர்ப் பாதுகாப்பு விதிகள் முழுவதும் இந்த இரண்டாவது ஆளைப் பற்றியவை. கதவு திறந்து கிடந்தது, ஆனால் யாருக்கும் நோய் வரவில்லை என்றால் விபத்து நடக்கவில்லை என்று சொல்லலாம். தவறு நடக்கவில்லை என்று சொல்ல முடியாது.

ஆட்டோகிளேவ் இதற்குள் அவ்வளவு எளிதாக அடங்காது. அது குக்கரின் பெரியண்ணன். 121 டிகிரி, பதினைந்து பவுண்டு அழுத்தம், குறைந்தது பதினைந்து இருபது நிமிடம். கழிவு மூட்டை பெரிதாயிருந்தால் இன்னும் கூட. மூட்டைமேல் ஒட்டும் டேப்பில் கருங்கோடு விழுந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். சூடு அந்த டேப் வரைக்கும் வந்தது என்பதற்கு மேல் அந்தக் கோட்டுக்கு அர்த்தம் கிடையாது. உண்மையில் செத்ததா என்று பார்க்க, உயிருள்ள வித்துகள் தோய்ந்த ஒரு சிறு பட்டையை மூட்டையின் நடுவில் வைத்து உள்ளே அனுப்புவோம். கொதிநீருக்கும் அசராத ஒரு பாக்டீரியாவின் வித்துகள் அவை. வெளியே வந்ததும் அந்தப் பட்டையை ஊதா நிற ஊட்டநீரில் போட்டு ஐம்பத்தைந்து, அறுபது டிகிரியில் இன்குபேட்டருக்குள் வைப்பது வழக்கம். ஊதா ஊதாவாகவே இருந்தால் எல்லாம் செத்தது. மஞ்சளானால் ஏதோ பிழைத்திருக்கிறது, ஆட்டோகிளேவில் கோளாறு.

ஆக, கொலை சரியாக நடந்ததா என்று தெரிந்துகொள்ளவே தனியாகச் சில லட்சம் உயிர்களை உள்ளே அனுப்புகிறோம். இதைக் கவனக்குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. திட்டமிட்டு, நேரம் குறித்து, பதிவேட்டில் எழுதிச் செய்வது.

சமணம் இல்லறத்தானின் இம்சையை நான்காகப் பிரிக்கிறது. கொல்ல வேண்டும் என்றே கொல்வது சங்கல்பம். சமைப்பது, பெருக்குவது போன்ற வீட்டு வேலையில் நேர்வது ஆரம்பம். தொழிலில் நேர்வது உத்தியோகம். தற்காப்பில் நேர்வது விரோதம். முதலாவதை முழுக்க விட வேண்டும். மற்ற மூன்றையும் முடிந்தவரை குறைக்க வேண்டும். நான் வெகுகாலம் ஆட்டோகிளேவை உத்தியோகக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். பெரியப்பா ஒப்பவில்லை. "விவசாயி ஏர் ஓட்டறான், புழு சாவுது. அவன் புழுவுக்காக ஓட்டல. நீ கிருமிக்காகத்தானே கொளுத்தற?" என்றார். பிறகு அவரே, "விரோதத்துல போடு. ஊர் மாட்டைக் காப்பாத்தத்தானே" என்று இறங்கி வந்தார். அந்தச் சமாதானத்தோடு கொஞ்ச காலம் ஓடியது.

எங்கள் ஆயா கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டியதும், அந்தத் துணியை அலசிய நீரை அதே கிணற்றில்தான் விடுவார். பிடித்த உயிரைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது முறை. ஆய்வகத்தில் அதற்கு வழியில்லை. அடைப்பான் கிருமியைச் செத்த மாட்டின் காதிலிருந்து எடுத்துவிட்டேன். எங்கே திருப்பி விடுவது?

அடைப்பானைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், வட மாவட்டங்களில் அது பழைய நோய். நேற்று வரை நன்றாக மேய்ந்த மாடு காலையில் செத்துக் கிடக்கும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் கசியும். அதை அறுத்துப் பார்க்கக் கூடாது. உடம்புக்குள் அடைபட்டிருக்கும் வரை, அழுகல் அந்தக் கிருமியைத் தானே தின்றுவிடும். காற்றுப் பட்டால் வித்தாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். பிரிட்டிஷ்காரர்கள் 1942-இல் ஸ்காட்லாந்தின் குருய்னார்ட் தீவில் ஆடுகளை வைத்து அடைப்பான் குண்டைச் சோதித்தார்கள். 1986-இல் தீவு முழுக்க ஃபார்மால்டிஹைடு கலந்த கடல்நீரைத் தெளித்து, 1990-இல்தான் மனிதர் போகலாம் என்று அறிவிக்க முடிந்தது.

அதனால் காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தட்டில் ஸ்மியர் போடுவோம். பாலிகுரோம் மெத்திலீன் புளூ சாயம் ஏற்றி எண்ணெய் லென்ஸில் வைத்தால், முனை வெட்டினாற்போல் சதுரமான நீலக் குச்சிகள் சங்கிலியாய்க் கோத்து நிற்கும். அவற்றைச் சுற்றி இளஞ்சிவப்பாக ஓர் உறை, வெற்றிலைச் சாறு பட்ட உதட்டு நிறம். அந்தச் சிவப்புதான் விஷ அடையாளம். முதல்முறை பார்த்தபோது அழகாக இருக்கிறது என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

தடுப்பூசிக்குப் பயன்படுவது அந்த உறையை இழந்த ரகம். மாக்ஸ் ஸ்டெர்ன் 1930-களில் தென்னாப்பிரிக்காவில் கண்டெடுத்தது; உலகம் முழுக்க இன்றும் மாட்டுக்குப் போடுவது பெரும்பாலும் அதன் வித்துதான். 1932-இல் தொடங்கிய இராணிப்பேட்டைக் கால்நடை நோய்த் தடுப்பு நிறுவனமும் அடைப்பான் தடுப்பூசி தயாரிக்கிறது. உறையில்லாத ரகம் ஆளைக் கொல்லாது என்றால், விஷ ரகத்தை ஆய்வகங்களில் ஏன் பூட்டிப் பூட்டி வைத்திருக்கிறார்கள்? தடுப்பூசி வேலை செய்கிறதா என்று பார்க்க. வழக்கமான சோதனை இது: சில பிராணிகளுக்குத் தடுப்பூசி போடு, சிலவற்றுக்குப் போடாதே, பிறகு எல்லாவற்றுக்கும் விஷ ரகத்தைச் செலுத்து. போட்டவை பிழைக்க வேண்டும். போடாதவை சாக வேண்டும். போடாதது பிழைத்துவிட்டால் சோதனையே செல்லாது, மறுபடி செய்ய வேண்டும்.

பெரியப்பாவின் விரோதக் கணக்கு இந்த இடத்தில் ஆட்டம் கண்டது. கினிப் பன்றி ஐந்தறிவு உயிர். அது யாருக்கும் விரோதி இல்லை. அது சாக வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். சாகாவிட்டால் எரிச்சல் வருகிறது. எந்த உரைகாரர் வந்தாலும் இதைச் சங்கல்பத்திலிருந்து எடுத்து வேறு கட்டத்தில் வைக்க முடியாது. நெறிமுறைக் குழு, 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டம், எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை என்ற விதிகள் எல்லாம் நல்லவைதான். ரத்தத்தில் எதிர்ப்பாற்றலை அளந்தே தடுப்பூசியை மதிப்பிடும் முறைகள் பெருகுவது அதைவிட நல்லது. ஆனால் அவை வரும்வரை அந்தச் சாவுக்கு என்ன பெயர் என்று கேட்டால், அதன் பெயரைச் சொல்லத்தான் வேண்டும். ஊர் மாடுகள் பிழைத்தன என்பது கொன்றதற்குக் காரணம் ஆகலாம். அதனாலேயே அது கொலை இல்லையென்று ஆகிவிடாது. என் மதத்தின்மேல் எனக்குள்ள மரியாதைக்கு இதுவும் ஒரு காரணம். அது இந்தச் சமாதானத்தை எனக்குத் தருவதில்லை.

இன்னொன்று வெக்கை நோய். இந்தியாவில் கடைசியாக அது தலைகாட்டியது 1995-இல், நம் பக்கத்து வட ஆற்காட்டில். 2011-இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் ஒழித்த இரண்டாவது நோய், ஒழித்த முதல் கால்நடை நோய். மிச்சமிருந்தது ஆய்வகக் குளிர்ப்பெட்டிகளில் மட்டும். இங்கிலாந்தின் பிர்பிரைட் நிறுவனம் தன்னிடம் இருந்தவற்றின் மரபுக் குறியீட்டைப் படித்து வைத்துக்கொண்டு 2019-இல் வைரஸை அழித்துவிட்டது. ஓர் உயிர்வகையை வேரோடு அறுப்பது அறமா என்று சிலர் வருந்துகிறார்கள். வைரஸ் உயிரா இல்லையா என்பதிலேயே அறிவியல் இழுபறி. நான் அதற்குள் போகவில்லை. பூட்டி வைத்த ஒன்று பூட்டில்தான் பாதுகாப்பாக இருக்கிறது என்று எந்த ஆய்வகத்தாலும் காலாகாலத்துக்கும் உறுதி கொடுக்க முடியாது என்பதால், எனக்கு அழித்தது சரி. அதுவும் முழுத் தீர்வில்லை. கனடாவில் டேவிட் எவன்ஸ் குழுவினர் தபாலில் வாங்கிய டி.என்.ஏ. துண்டுகளைக் கோத்து, குதிரை அம்மை வைரஸை உருவாக்கியதை 2018-இல் வெளியிட்டார்கள். குறியீடு இருந்தால் உடலை மறுபடி செய்துவிடலாம் என்று ஆகிவிட்டது. கொட்டும் இடத்துக்கு ஒரு சமிதி உண்டு. எழுதி வைத்ததற்கு யார் சமிதி வகுப்பது?

இதற்கு மேல் பேச வேண்டியது கூட்டு அலட்சியத்தைப் பற்றி.

2007-இல் அதே பிர்பிரைட் வளாகத்திலிருந்து கோமாரி வைரஸ் வெளியேறி, சர்ரேயில் தொடங்கி எட்டு இடங்களில் மாடுகளைத் தாக்கியது. 1967-இல் பிரித்தெடுத்த பழைய ரகம் அது. வெளியே புழக்கத்தில் இல்லாதது. ஆகவே எங்கிருந்து வந்தது என்பதில் பெரிய மர்மமில்லை. வளாகத்தில் அரசு நிதியில் நடந்த ஆய்வு நிறுவனமும் ஒரு தனியார் தடுப்பூசி ஆலையும் இருந்தன. இரண்டின் கழிவும் ஒரே நிலத்தடிக் குழாயில் போனது. குழாயில் விரிசல், மர வேர்கள், சரியாக மூடாத ஆள்நுழைவுக் குழிகள். ஜூலையில் பெருமழை. கட்டட வேலைக்கு வந்த லாரிகள் அந்தச் சேற்றை டயரில் அப்பிக்கொண்டு சாலைக்குப் போயின. குழாயை மாற்ற வேண்டும் என்பது முன்பே தெரியும். செலவு யாருடையது என்ற பேச்சுத்தான் முடிவுக்கு வராமல் கிடந்தது.

சீனாவின் லான்சோவில் 2019 கோடையில், கால்நடைத் தடுப்பூசி ஆலை ஒன்று காலாவதியான கிருமிநாசினியைப் பயன்படுத்தியது. புரூசெல்லா பாக்டீரியா காற்றோடு போனது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று உறுதியானது. சோவியத் நாட்டின் ஸ்வெர்த்லோவ்ஸ்கில் 1979-இல் ராணுவ ஆலையிலிருந்து அடைப்பான் கசிந்து குறைந்தது அறுபத்தாறு பேர் செத்தார்கள். காற்று வீசிய திசையில் ஆடுகளும் செத்தன. அந்நாட்டு உயிரி ஆயுதத் திட்டத்தில் உயர் பொறுப்பிலிருந்து பின்பு அமெரிக்கா போன கென் அலிபெக் தன் நூலில் சொல்லும் காரணம் இது: ஒருவர் அடைத்துப்போன வடிகட்டியைக் கழற்றினார், மாற்று போடவேண்டும் என்று சீட்டும் எழுதி வைத்தார், மேற்பார்வையாளர் அதைப் பதிவேட்டில் ஏற்றவில்லை, அடுத்த ஷிஃப்டு வந்தவர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு இயந்திரத்தை ஓட்டினார்.

இவற்றில் கவனமில்லாதவர் யார்? குழாயில் விரிசல் விட்டது ஒரு மனிதனின் கை வழுக்கி அல்ல. ஷிஃப்டுக்கு வந்தவர் விதிப்படி பதிவேட்டைப் பார்த்தார். வினை ஒவ்வோர் உயிருக்கும் தனித்தனி என்று சொல்லும் மதத்துக்கு இது பெரிய சிக்கலாக இருக்க வேண்டும்.

ஆனால் சமணக் கணக்கர்கள் கில்லாடிகள். தீவினை வந்து சேரும் வழிகளை நூற்றெட்டு என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். எண்ணித் திட்டமிடுவது, அதற்கு ஆயத்தம் செய்வது, செயலைத் தொடங்குவது என்று மூன்று. ஒவ்வொன்றும் மனத்தால், சொல்லால், உடலால். ஒவ்வொன்றும் தானே செய்வது, பிறரைச் செய்ய வைப்பது, செய்ததற்கு உடன்படுவது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் சினம், செருக்கு, மாயம், உலோபம் என நான்கு. பெருக்கினால் நூற்றெட்டு. ஜபமாலைக்கு மணி எண்ணத்தான் இது என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். விபத்து விசாரணைக்கு இதைவிட நல்ல படிவத்தை நான் பார்த்ததில்லை. குழாய்க்குப் பணம் ஒதுக்காமல் கோப்பை நகர்த்தியவர் எதையும் செய்யவில்லை, செய்யவைக்கவும் இல்லை; உடன்பட்டார், சொல்லால், உலோபத்தால். அவருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. "எங்க லேபில் அப்படியெல்லாம் நடக்காது" என்றவருக்குச் செருக்கில் ஒரு கட்டம். பாவம் பங்கு போட்டுக் குறைவதும் இல்லை, ஒவ்வொருவருக்கும் முழுசு.

நம்மூருக்கு வருவோம். விழுப்புரத்தில் எடுத்த சாம்பிள் மாதவரம் ஆய்வகத்துக்குப் போக வேண்டும் என்று வையுங்கள். விதிப்படி மூன்று அடுக்குப் பொதி: கசியாத குப்பி, அதைச் சுற்றி உறிஞ்சும் பஞ்சோடு இரண்டாவது டப்பா, வெளியே கெட்டிப் பெட்டி. பறவைக் காய்ச்சல் சந்தேகம் என்றால் போபாலின் உயர்பாதுகாப்பு ஆய்வகம் வரை போகும். அங்கே உள்ளே போனவர் துணி மொத்தம் மாற்றி, வெளியே வரும்போது தலைக்குக் குளித்துத்தான் வர வேண்டும். அறையின் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவு, அதனால் கதவைத் திறந்தால் காற்று உள்ளேதான் இழுக்கும். போகிற காற்று ஹெப்பா வடிகட்டியைத் தாண்டித்தான் போகும். இதைக் கேட்டு ஒருவர் என்னிடம், "நம்ம தீட்டு, மடி எல்லாம் இதுதானே சார்" என்று பூரித்தார். இல்லை. தீட்டு ஆளைப் பார்த்து வந்தது. சிலருக்கு எத்தனை முறை குளித்தாலும் போகவில்லை. போபாலில் இயக்குநரும் குளிக்க வேண்டும், துடைப்பம் பிடிப்பவரும் குளிக்க வேண்டும், குளித்தால் இருவருக்கும் போய்விடும்.

ஆனால் அந்தப் பாதுகாப்பு போபாலின் கதவோடு நின்றுவிடுகிறது. இங்கே தெர்மகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அட்டெண்டர் அரசுப் பேருந்தில் போவார். திண்டிவனத்தில் கூட்டம் ஏறும். மேல்மருவத்தூரில் இன்னும் ஏறும். "அண்ணே, பொட்டியக் கீழ வெச்சிடாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். "கீழ வெச்சா யாராச்சும் மிதிச்சிடுவாங்க சார், எனக்குத் தெரியாதா" என்பார். நான்காவது சமிதியை அவர் அளவுக்குக் கடைப்பிடித்தவரை நான் பார்த்ததில்லை. அவருக்கு ஜீப் கொடுக்காதது யார் கட்டம்? கிராமத்தில் செத்த மாட்டை அறுக்காதே, ஆறடிக் குழியில் புதை என்கிறோம். தோண்டப் பொக்லைன் வாடகை யார் தருவது என்று மாட்டுக்காரர் கேட்டால் பதில் இல்லை. பிறகு இருட்டோடு இருட்டாக மாடு கைமாறுகிறது. அறுப்பவர் கையில் கறுத்த புண் வந்தால் அவர் கவனமில்லாதவர் என்று அறிக்கை எழுதுகிறோம். தலைமுறை தலைமுறையாகச் செத்த மாட்டை யார் தலையில் கட்டினோமோ அவர்களுக்கே கவனமின்மைப் பழியும்.

போன வகுப்பில் பிள்ளைகளிடம் ஆட்டோகிளேவ் பதிவேட்டின் மாதிரிப் பக்கம் ஒன்றைக் காட்டினேன். தேதி, நேரம், வெப்பம், அழுத்தம், இயக்கியவர் கையெழுத்து. வலது ஓரத்தில் நானே ஒரு கட்டம் கோடு போட்டுச் சேர்த்திருந்தேன்: கதவு கேஸ்கெட் தேய்ந்துவிட்டது என்று எழுதிக் கேட்ட தேதி, இப்போதைக்கு வேண்டாம் என்றவர் பெயர்.

முன்வரிசையில் இருந்த பெண் கேட்டாள்: "அந்தக் கட்டத்துல யாரு சார் கையெழுத்துப் போடுவாங்க?"

"போட மாட்டாங்கம்மா. நீ பேரை எழுதி வை, கையெழுத்து வேணாம்."